ஓத்திலியா சூளைக்கு வரலாமா?

விழாவுக்குத் தலைமையேற்று, வெயிலுக்குத் தொப்பியும் என் பேச்சுக்குப் பொறுமையும் கொண்டு வந்து அமர்ந்திருக்கும் பெரியவர் லியாந்த்ரோ அவர்களே, இந்தக் கைவினை மண்டபத்தைக் கல்மேல் கல்லாய் எழுப்பிக் காட்டிய கமிட்டிக்காரர்களே, கோயில் மணியடித்து எங்களைக் கூட்டிவைத்த பாதிரியார் அவர்களே, மண் மிதித்த காலோடும் மண் அப்பிய நகத்தோடும் வந்திருக்கும் மூத்தவர்களே, மண் பிசைந்து மக்களை வளர்த்து, மடியில் இன்னும் ஒன்றை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, மரத்தடியில் செல்போனைப் பார்த்தபடியே எனக்கு ஒரு காதைக் கொடுத்திருக்கும் இளைஞர்களே, முதல் வரிசை நாற்காலிக்காக விடிந்ததும் வந்துவிட்ட என் தோழி ஃபகுண்டாவே! உங்கள் அத்தனை பேருக்கும் சான் லூக்காஸ் ஊர் பிரிஸ்காவின் பணிவான வணக்கம்.

என்னை மேடைக்கு அழைத்த தம்பி, "சூளைக்காரி தோமாசாவின் மூத்த மருமகள், இவ்வூரின் மூத்த குயத்தி" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவ்வளவுதானா நான்? ஊரியேலின் பாட்டி என்று ஏன் சொல்லவில்லை? கெரேத்தாரோ நெடுஞ்சாலையில் பெரிய ஆற்றுக்கு மேல் பாலம் கட்டுகிறார்களே, அந்தப் பாலத்துக்குக் கணக்குப் போடும் எஞ்சினியர்களில் அவன் ஒருவன். தலையில் மஞ்சள் தொப்பி வைத்துக்கொண்டு நிற்கிறான், ராஜா மாதிரி. நயேலியின் பாட்டி என்று ஏன் சொல்லவில்லை? தொலூக்காவின் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்குத் தலைமை நர்ஸ் அவள். டாக்டரே அவளைக் கேட்டுத்தான் ஊசி போடுகிறார். இக்கேரின் பாட்டி என்று சொல்லியிருக்கலாமே? மாநிலம் முழுக்கப் பிள்ளைகள் எழுதிய கணக்குப் போட்டியில் முதல் பரிசு வாங்கி, பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றாமலேயே தூங்கியவன். சித்லாலி? அவள் பள்ளிக்கூட ஆசிரியை. போன நவம்பரில் கல்யாணமும் ஆயிற்று. ஃபகுண்டா சிரிக்கிறாள். "ஆரம்பிச்சுட்டாடி பேரப்பிள்ளை புராணத்தை" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்கிறாள், எனக்குக் காது கேட்கிறது. சிரி ஃபகுண்டா. உன் பேரனும் ஒருநாள் பரீட்சையில் தேறுவான், அன்றைக்கு நீ இந்த மேடையில் ஏறு, நான் முதல் வரிசையில் உட்காருகிறேன்.

ஏன் இதையெல்லாம் சொன்னேன் தெரியுமா? பெருமைக்காக மட்டுமில்லை. பெருமையும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். இந்த நாலு பேரையும் படிக்க வைத்தது எது? சூரியன். வானத்துச் சூரியன் இல்லை, அய்யா. நம் வீடுகளில் நாம் செய்யும் சூரியன். கண்ணும் மூக்கும் சிரிப்பும் வைத்து, டப்பா பெயிண்ட் பூசி, வார்னிஷ் அடித்து, சுவரில் மாட்டுவதற்கென்று ஊர் ஊராய்ப் போகிறதே, அந்தச் சூரியன். அதோடு போகும் நிலா. அதோடு போகும் தவளை. அந்தத் தவளை என் பேரனுக்குப் புத்தகம் வாங்கித் தந்தது. அந்த நிலா என் பேத்திக்கு நர்ஸ் உடுப்பு தைத்துத் தந்தது. ஆகவே அலங்காரச் சாமான் செய்வதை இந்த மேடையில் நின்று நான் பழிப்பேன் என்று யாராவது காத்திருந்தால், அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். சோறு போட்ட கையைக் கடிக்கிறவள் இல்லை நான்.

ஆனால் அந்தச் சூரியன் ஒருத்தியைச் சுட்டது. அவள் முகத்தை இருட்டாக்கிவிட்டுத்தான் நம் சுவர்களில் சிரிக்க ஆரம்பித்தது. அவளுக்காகத்தான் நான் வந்தேன். நாளைக் காலையில், இந்த மண்டபத்து முற்றத்தில், என் மாமியாரின் பழைய சூளைக்கு மறுபடி தீ வைக்கப் போகிறீர்கள். ஓத்திலியா அந்தச் சூளைக்கு வரலாமா, கூடாதா? இந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்குப் பதில் வேண்டும்.

ஓத்திலியா யார் என்று இளைஞர்களுக்குத் தெரியாது. என் ஓர்ப்படியாள் அவள். நான் அந்த வீட்டு மூத்தவன் எவாரிஸ்தோவைக் கட்டினேன், அவள் இளையவன் நாபோரைக் கட்டினாள். ஒரே முற்றம், ஒரே கிணறு, ஒரே மாமியார். அந்த மாமியார் எங்கள் இருவருக்கும் போதுமானவளாக இருந்தாள் என்பதைத் தாய்மார்கள் புரிந்துகொள்வீர்கள்.

தண்ணீர்க்குடம் செய்வதில் ஓத்திலியாவுக்கு இணை இல்லை. அவள் குடத்துத் தண்ணீர் வெயில் காலத்தில் பல்லைக் கூச வைக்கும். குடம் வெளியே வியர்க்கும், உள்ளே குளிரும். எதனால்? மண்ணில் சேர்க்கும் பஞ்சினால். ஏரிக்கரையில் சம்பங்கோரை காய்ந்து நிற்குமே, அதன் கதிரை உதிர்த்தால் பூனைமயிர் மாதிரி பஞ்சு பறக்குமே, அந்தப் பஞ்சை மண்ணோடு போட்டு மிதிப்போம். சூளையில் பஞ்சு எரிந்துபோகும், அது இருந்த இடம் பானைக்கு மூச்சுவிடும் வழியாகும். பஞ்சுள்ள பானையை அடுப்பில் ஏற்றுங்கள், தாங்கும். பஞ்சில்லாத பானையை ஏற்றுங்கள், வெடிக்கும். இது இந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் எப்படி மறந்தோம் என்பதுதான் என் துக்கம்.

தலைநகரத்திலிருந்து ஒரு வியாபாரி வண்டியில் வந்தான். நல்ல மனிதன்தான், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பான். சட்டியும் குடமும் வேண்டாம், அலுமினியம் வந்துவிட்டது, இனி யார் வாங்குவார்கள் என்றான். சுவரில் மாட்ட முகம் வைத்த சூரியன் செய்யுங்கள், எத்தனை செய்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றான். ஒன்றே ஒன்று சொன்னான். மேலே வழவழவென்று இருக்க வேண்டும், பெயிண்ட் ஒட்ட வேண்டும், அந்தப் பஞ்சை மட்டும் போடாதீர்கள் என்றான். என் மாமியார் சரி என்றாள். ஊரும் சரி என்றது. அந்த வருஷம் சோளம் கருகிப்போயிருந்தது. சரி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்?

முதல் சூளை. நாலு வீட்டுச் சூரியன்களும் நிலாக்களும் அடுக்கினார்கள். மேல்வரிசையில் ஓத்திலியா தன் தண்ணீர்க்குடங்களை வைத்தாள். அவள் சூரியன் செய்யவில்லை, கை வரவில்லை. அந்த மாதம்தான் அவளுக்குக் கரு கலைந்திருந்தது. நானோ அதே வாரம் ஆண் பிள்ளை பெற்று உள்ளே படுத்திருந்தேன். நாற்பது நாளைக்குப் பிள்ளை பெற்றவள் வெளியே தலைகாட்டக் கூடாதே, நம் வழக்கம் அதுதானே. சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை எல்லாம் நான் காதால்தான் பார்த்தேன்.

சூளை ஏற்றும்போது கண் கனத்தவர்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது நம் ஊரில் எல்லாரும் அறிந்தது. அழுத கண், ஏங்கிய கண், கோபித்த கண், அது பச்சைப் பானைமேல் பட்டால் பானை பிளக்கும் என்போம். சூளை வாயில் காய்ந்த மிளகாய் கட்டுவது அதற்குத்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. இன்றைக்கும் நானே கட்டுகிறேன். பாதிரியார் அவர்கள் இந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

ஓத்திலியா தன் குடங்களைப் பார்க்க வந்தாள். மாமியார் சொன்னது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"பிள்ளை போனவ நீ. முகத்தை மூடிக்கிட்டு நில்லு. சூளைய நிமிர்ந்து பார்க்காத."

அவள் மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வியாபாரி, எல்லாரும் சூரியனைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நில்லுங்கள், படம் எடுக்கிறேன் என்றான். அந்தப் படம்தான் எனக்குப் பின்னால் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருக்கும் இந்தப் படம். பாருங்கள். நடுவில் சிரிக்கிறாளே, அது என் மாமியார். ஒல்லியாக நிற்பது ஃபகுண்டா, நம்புங்கள், அவளேதான். கடைசியில், நீலச் சால்வையை நெற்றி முதல் மோவாய் வரை இழுத்து மூடி நிற்பவள் ஓத்திலியா. கீழே கமிட்டிக்காரர்கள் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள்? "நாணத்தால் முகம் மறைக்கும் கிராமத்துக் குயத்தி." வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு, ஆகா, என்ன வெட்கம், என்ன அடக்கம் என்கிறார்கள். அது நாணமா, என் தாய்மார்களே? அந்தத் துணிக்குள்ளே இருந்தது வெட்கமா? எழுதிய தம்பியைக் குறை சொல்லவில்லை. அவன் அப்போது பிறக்கவில்லை. பிறந்தவர்கள் நாம்தான் அவனுக்குச் சொல்லவில்லை.

தீ ஏறியது. பானைக்கு வைக்கும் பழைய தீ, முழுத் தீ. வெடித்தது ஒன்று. வெடித்தது இன்னொன்று. உள்ளே படுத்திருந்த எனக்குப் பட்டாசுத் திருவிழா போல் கேட்டது. சூளை ஆறித் திறந்தபோது சூரியன்கள் எல்லாம் சில்லு. நிலாக்கள் எல்லாம் சில்லு. மேல்வரிசையில் ஓத்திலியாவின் குடங்கள் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நின்றன.

யோசித்துப் பாருங்கள். பஞ்சு போட்டது நின்றது, பஞ்சு போடாதது உடைந்தது. கண்ணெதிரே இருந்ததே! நம் பெரியவர்கள் அதைப் பார்த்தார்களா? பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள்? எல்லாருடையதும் உடைந்தது, அவளுடையது மட்டும் உடையவில்லை, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார்கள். பொறாமைக்காரி தன்னுடையதை விட்டுவிட்டு ஊருடையதைப் பார்த்திருக்கிறாள் என்றார்கள். நின்ற குடமே அவளைக் குற்றவாளி ஆக்கியது. நல்ல குடம் செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அதற்குப் பிறகு அவள் தெருவில் வந்தால் முற்றத்தில் காயும் பச்சைப் பானைகள்மேல் துணி போட்டார்கள். வீட்டுக்கு வீடு. அவள் கிணற்றுக்குப் போனால் துணி, திரும்பி வந்தால் துணி. திட்டவில்லை, அடிக்கவில்லை. துணி போட்டார்கள். நான் கதவுக்கு வெளியே வரலாம் என்று ஆனபோது, கேட்டுவிடுவது என்று மாமியாரிடம் நேராகப் போனேன். குடம் உடையாததற்குப் பஞ்சுதான் காரணம் என்றேன். பிள்ளை பெற்ற உடம்பு, சூடு தலைக்கு ஏறியிருக்கிறது, போய்ப் படு என்றாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் நாபோர் அவளைக் கூட்டிக்கொண்டு தொலூக்காவுக்குப் போய்விட்டான்.

அவள் போனாள். வியாபாரி மறுபடி வந்தான். அலங்காரச் சாமானுக்கு எதற்கு இவ்வளவு தீ, அதில் யார் குழம்பு காய்ச்சப் போகிறார்கள், இளந்தீயில் வாட்டி எடுங்கள், நிறத்தை டப்பாவிலிருந்து பூசுங்கள் என்றான். இளந்தீயில் வாட்டினோம். உடையவில்லை. ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். ஆமாம். "பார்த்தியா, அவ போனா, சூளை குளிர்ந்துடுச்சு." அன்றிலிருந்து நாம் சுட்ட ஒவ்வொரு சூரியனும் அவளுக்கு எதிரான சாட்சி. உடையாமல் வெளியே வந்த ஒவ்வொரு நிலாவும் அவளுக்கு எதிரான தீர்ப்பு. நம் பிழைப்பு வளர வளர அவள் பழியும் வளர்ந்தது.

பின்னாலிருந்து யாரோ, பழைய கதை எதற்கு, அந்த அம்மாள் கண் கனம்தான், என் அப்பாவே சொல்லியிருக்கிறார் என்கிறார். நல்லது தம்பி. உன் அப்பாவை எனக்குத் தெரியும், நல்ல மனிதர், அவர் ஆன்மா சாந்தியடையட்டும். உட்கார். உனக்காகத்தான் அடுத்ததைச் சொல்கிறேன்.

போன நவம்பரில் என் சித்லாலிக்குக் கல்யாணம். வந்தவர்களில் பாதிப் பேர் இங்கே இருக்கிறீர்கள். என் பேத்தி படித்தவள், பழமைமேல் ஆசைப்பட்டாள். வான்கோழி மோலேக் குழம்பை மண்பானையில்தான் காய்ச்ச வேண்டும் பாட்டி, அலுமினியம் வேண்டாம் என்றாள். மண்பாண்ட ஊர் இது. மோலே காய்ச்சப் பானை கேட்டால் எத்தனை கிடைக்க வேண்டும்? தெருத்தெருவாய்ப் போனேன். பூப்போட்ட பானை இருந்தது, பறவை போட்ட பானை இருந்தது, அடுப்பில் ஏறும் பானை ஒன்றுகூட இல்லை. கடைசியில் என் மருமகள், இந்த மண்டபத்துக்கென்று செய்து வைத்த பெரிய பானையைத் தூக்கி வந்தாள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பானை. வயிற்றில் சிவப்புப் பூவும் பச்சை இலையும். பார்க்க அப்படியொரு அழகு. ஃபகுண்டா மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, மோலே வாசனைக்கு முன்னால வார்னிஷ் வாசனை வருது" என்றாள்.

ஓத்திலியாவை நானே போய் அழைத்திருந்தேன். தொலூக்காவில் தன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னை வழியனுப்ப வாசல் வரை வந்தாள், ஊருக்கு மட்டும் வர மாட்டேன் என்றாள்.

"நான் வந்து அங்க ஒரு தட்டு உடைஞ்சாலும், அதுவும் நான்தான்னு ஆகும் அக்கா. பிள்ளை கல்யாணத்துல எதுக்கு?"

வரவில்லை அவள். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள், ஓத்திலியா வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், தொலூக்காவில், தன் கட்டிலில் இருந்தாள். இங்கே அடுப்பு எரிந்தது. பானைக்குள் இரண்டு நாள் அரைத்த மிளகாயும் எள்ளும் சாக்லேட்டும் வான்கோழியும். மாப்பிள்ளை வீட்டார் சோள ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பூவெல்லாம் முதலில் கொப்பளித்து உரிந்தது. பிறகு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் இதற்கு முன் ஒரே ஒரு நாள்தான் கேட்டிருந்தேன், சுவருக்கு அந்தப் பக்கம். பானை இரண்டாகப் பிளந்தது. மோலே அத்தனையும் சாம்பலில். நாய்கள் வந்துவிட்டன. மாப்பிள்ளையின் அத்தை, யார் கண்ணோ பட்டிருக்கிறது என்றாள்.

யார் கண், தம்பி? சொல். அன்றைக்கு யார் கண் பட்டது? ஊரைவிட்டுத் துரத்திய கண் மலையைத் தாண்டி வந்து என் பேத்தியின் பானையைப் பிளந்ததா? அந்தக் கல்யாண அடுப்படிக்கே திரும்பி வருகிறேன். ஃபகுண்டாதான் சாம்பலிலிருந்து ஒரு சில்லை எடுத்து, உடைந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். நானும் தடவினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. மூச்சுவிட ஒரு துளை இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் கண்ணீர் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மோலேக்காக அழுகிறோம் என்று நினைத்துச் சமாதானம் சொன்னார்கள்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டாம் பெரியவரே. என் பேச்சைவிட அதிக நேரம் அவள் காத்திருந்தாள்.

கல்யாணம் முடிந்ததும் தொலூக்காவுக்குப் பஸ் ஏறினேன். நாபோர் இறந்த பிறகு ஓத்திலியா மகள் வீட்டில் இருக்கிறாள். பஸ் நிலையத்து வாசலில் தமால் அவித்து விற்று அந்த மகளை வளர்த்தவள். மண் பிசைந்த கை சோள மாவைப் பிசைந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பானை உடைந்ததைச் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன், பழி தீர்ந்தது என்று. அவள் குதிக்கவில்லை. மோலே முழுக்கப் போயிற்றா, பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். பக்கத்து வீடுகளிலிருந்து பீன்ஸும் முட்டையும் கொண்டுவந்து சமாளித்தோம் என்றேன். பிறகு முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினாள். ஆமாம், குரல் வந்த பக்கம். அவளுக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு வருஷமாக இரண்டு கண்ணும் தெரியவில்லை. நயேலிதான் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாள், காலம் கடந்துவிட்டது என்றார்.

அவள் சொன்னதை, சொன்னபடியே சொல்கிறேன்.

"இப்ப எனக்குக் கண்ணே இல்லையே அக்கா. இனி எது கனக்கும்? இப்பவாவது சூளைப் பக்கம் வரலாமான்னு ஊர்ல கேட்டுச் சொல்லு. அந்தச் சூடு முகத்துல பட்டா போதும்."

கேட்டீர்களா? மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. பதக்கம் கேட்கவில்லை. தன் பக்கம் நியாயம் என்றுகூடச் சொல்லவில்லை. சூடு முகத்தில் பட்டால் போதும் என்றாள். என் மாமியார் தோமாசா உயிரோடு இருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன். அவள் இல்லை. சூளை இப்போது ஊர்ச் சொத்து. ஆகவே ஊரைக் கேட்கிறேன்.

என் தாய்மார்களே, கண் போன பிறகுதான் அவளை நம்புவோமா? கண் இருந்தபோது அந்தக் கண் செய்த குற்றம் என்ன? பிள்ளையை இழந்து அழுதது, அது குற்றமா? தன் குடம் வெந்ததா என்று பார்க்க வந்தது, அது குற்றமா? குற்றம் மண்ணில் இருந்தது. மண்ணிலிருந்து பஞ்சை எடுக்கச் சொன்னது பசி. பசியைத் திட்ட நம்மால் முடியவில்லை, அது நம் எல்லார் வீட்டிலும் இருந்தது. ஆகவே ஒருத்தியைத் திட்டினோம். ஒரு முகத்தை மூடிவிட்டு ஆயிரம் முகங்களைச் செய்து விற்றோம். என் பேரன் கட்டும் பாலத்தின் அடியில் அவள் முகம் இருக்கிறது. என் பேத்தியின் வெள்ளை உடுப்பில் அவள் கண்ணீர் இருக்கிறது. அந்தப் பெருமையை நான் சும்மா வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது அய்யா. அதனால்தான் இந்த மேடை ஏறினேன்.

சூரியன் செய்யுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைச் சூளையில் கீழ்வரிசையில் ஏழு சட்டிகளுக்கு இடம் கேட்டிருக்கிறேன். நானும் ஃபகுண்டாவும் பஞ்சு போட்டு மிதித்த மண். எங்கள் இரண்டு பேரின் முழங்காலும் சேர்ந்து போட்ட சத்தத்தில் நாய் குரைத்தது, அது வேறு கதை. முழுத் தீ வைக்க வேண்டும். மேல்வரிசை அலங்காரச் சாமானை வேறு நாளைக்கு ஒத்திவையுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும், அதற்கும் யாராவது ஒருத்தியைத் தேடுவீர்கள்.

அவள் வருவதற்கு அந்தக் கடைசிப் பெஞ்சுத் தம்பி சம்மதிக்கிறானோ இல்லையோ, கை தூக்கச் சொல்லவில்லை. கை தூக்குவது சுலபம். நான் கேட்பது வேறு. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவள் வருகிறாள். கிணற்றுத் தெரு வழியாக, என் கையைப் பிடித்துக்கொண்டு, முக்காடு இல்லாமல் நடந்து வருவாள். இரண்டு பக்கமும் உங்கள் முற்றங்களில் பச்சைப் பானைகள் காய்ந்துகொண்டிருக்கும். அவற்றின்மேல் யாரும் துணி போடாதீர்கள். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கண் தெரியாதவளுக்குத் துணி உதறும் சத்தம் கேட்கும்.

ஃபகுண்டா எழுந்து நிற்கிறாள். ஏதோ சொல்ல வருகிறாள். உட்காரடி. எனக்குப் புரிந்தது. அந்தப் படத்தில் உனக்கு அடுத்து நின்றவள் அவள்தானே.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், பொறுமை இல்லாமல் கேட்ட இளையோருக்கும், இருமலை அடக்கிக்கொண்டு இருந்த தலைவருக்கும், என்னோடு சேர்ந்து கண் கலங்கிய தாய்மார்களுக்கும் என் நன்றி. எல்லார் வீட்டு அடுப்பும் எரியட்டும், எல்லார் வீட்டுப் பானையும் தாங்கட்டும். வணக்கம்.

கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை மட்டும். எனக்குப் பின்னால் இருக்கும் இந்தப் படத்தை இன்றைக்கே இறக்கிவிடுங்கள். நாளைக் காலை, சூளைக்கு முன்னால், தீயின் வெளிச்சம் முகத்தில் விழும்படி ஓத்திலியாவை நிறுத்தி ஒரு புதுப் படம் எடுத்து, இதே ஆணியில் மாட்டுங்கள். கீழே ஒன்றும் எழுத வேண்டாம், பெயரை மட்டும் எழுதுங்கள். பிரதி ஒன்றைத் தொலூக்காவுக்குத் தபாலில் அனுப்புங்கள். அவளால் பார்க்க முடியாது, அது எனக்குத் தெரியும். அவள் பேத்தி பார்த்துச் சொல்வாள், பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்று.